சத்தம் போட்டால் கல்லாகிவிடுவாய்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
19-1-2009

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். ராஜகோபால், வீடும் தறியும் அவனுடையவை. அவன் தறியில் நெய்துகொண்டிருந்த உன் அப்பா ராமலிங்கம். எதிர்வீட்டு நபீசா. அவள் மகன் சுபியான், அப்போது பதினொரு வயது. ஜீப்பில் வந்த ஆபீசர் சாமுவேல். உன் அக்கா அங்கம்மா, பத்து வயது. நீ, ஆறு வயது, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு. கடைசியாக நான். ஆக எட்டுப் பேர். ஆடி வந்தால் இருபத்தோரு வருஷம். ஒரு தலை எனக்குத் தப்பவில்லை.

மகள் சுபத்ராவுக்கு அம்மா எழுதுவது. சுகம் கேட்காமல் ஆள் பட்டியலில் ஆரம்பித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நானும் அங்கம்மாவும் நலம். என் முட்டிவலி எப்போதும்போல. நீ, மாப்பிள்ளை தேவராஜன், பேத்தி சஹானா மூவரும் அந்தச் சிங்கப்பூர் மழையில் எப்படி இருக்கிறீர்கள்?

பொங்கல் அன்று போனில் கேட்டாயே, "அம்மா, நம்ம தெரு ராஜகோபால் மாமா கம்ப்யூட்டர்ல கொழந்தைங்களுக்குக் கதை சொல்றாரு, சஹானா அதைப் பாக்காம சோறு துன்ன மாட்டேங்கறா, உனக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமே, ஆள் எப்பிடி?" என்று. அப்புறம் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் அங்கம்மா இருந்தாள்.

இப்போது சொல்கிறேன். அவன் குழந்தைகளுக்கு ஆகாதவன். நிறுத்திவிடு.

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், காதில் வாங்கியிருக்க மாட்டாய். காகிதம் என்றால் கையில் நிற்கும். நாலாம் வகுப்பு எழுத்து, பொறுத்துப் படி.

குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடு.

அம்மா

*

சிங்கப்பூர்
3-2-2009

அன்புள்ள அம்மாவுக்கு சுபத்ரா எழுதுவது. நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் முட்டிக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அக்கா எப்படி இருக்கிறாள்?

உன் கடிதத்தைப் படித்து இவர் ஒரே சிரிப்பு. "உங்கம்மா கோர்ட்ல குமாஸ்தாவா இருக்கவேண்டியவங்க" என்கிறார். கோபித்துக்கொள்ளாதே. எட்டுப் பேர் பெயர் எழுதினாய், அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதவில்லையே?

அம்மா, உனக்கு யாரைத்தான் பிடிக்கும்? பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை போடவில்லை என்று பதினாலு வருஷம் அவர்கள் வாசல் மிதிக்கவில்லை. நபீசா அத்தையோடு நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பேச்சில்லை. எதற்கென்று கேட்டால் கிரைண்டர் சத்தத்தைக் கூட்டிவிடுவாய். அந்தக் கணக்கில்தானே கதை மாமாவும்?

அவரை ஒரு தடவை நீ பார்க்க வேண்டும். தறியில் உட்கார்ந்து, காலைத் தறிக்குழியில் தொங்கப் போட்டு, கையில் ஊடை நூல் ஓட்டும் நாடாவை வைத்துக்கொண்டே கதை சொல்வார். யூடியூப் என்று ஒன்று, உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். எங்கள் பிளாக்கில் மட்டும் ஆறு தமிழ்க் குழந்தைகள் பார்க்கின்றன. சஹானா இங்கே பிறந்தவள், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். இப்போது நாலு வரி சேர்ந்தாற்போல் தமிழ் பேசுகிறாள் என்றால் அவரால்தான்.

அவர் கதையில் தூங்குமூஞ்சி தங்கம்மா என்று ஒருத்தி வருவாள். நூல் கூடையில் சாய்ந்தே தூங்குவாள். கிள்ளினால் எழுந்து "விடிஞ்சிடுச்சா மாமா?" என்பாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ராட்சசன் ஜீப்பில் வருவான். மாமா அவளைக் குழியில் ஒளித்துவைத்து, "ஷ்ஷ்! வாயைத் தொறந்தா கல்லாயிடுவே!" என்பார். ராட்சசன் வீடெல்லாம் தேடி ஏமாந்து போவான். சஹானா விரலை உதட்டில் வைத்து அதைச் செய்து காட்டும் அழகு இருக்கிறதே!

பெயர்கூட அக்கா பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா?

வேளைக்கு மாத்திரை சாப்பிடு.

உன் மகள்,
சுபத்ரா

*

காஞ்சிபுரம்
14-2-2009

சுபத்ராவுக்கு அம்மா. இங்கே சுகம். அங்கே அப்படியே இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். தைலம் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.

உன் கடிதத்தை நாலு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ராட்சசன் ஜீப்பில் வருகிறானா? ஜீப் என்று அவனே சொன்னானா, நீ சேர்த்து எழுதினாயா? கிள்ளினால் என்று எழுதியிருக்கிறாய். எங்கே கிள்ளினான்? கையிலா, காது மடலிலா? கேட்டு எழுது.

நீ மறந்திருப்பாய், அல்லது மறந்த மாதிரி இருப்பாய். சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளவேண்டும். கோர்வை என்பது அதுதான். அந்த இடத்தில் அப்போதெல்லாம் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளைத்தான் உட்காரவைப்பார்கள். உடம்பு சின்னது, இடம் அடைக்காது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருக்கும். நடுவில் கண் சொக்கும்.

மற்ற வீடுகளில் அடித்தார்கள். ராஜகோபால் அடிக்கவில்லை, கதை சொன்னான். பின்னால் நின்றுகொண்டு, கதை விறுவிறுப்பாகப் போகும் இடத்தில் நிறுத்தி, "மிச்சம் நாளிக்கி" என்பான். அடி விழுந்த பிள்ளைகள் மறுநாள் வரமாட்டேன் என்று அழும். அவனிடம் போன பிள்ளை இருட்டு விலகுமுன் எழுந்து, "எம்மா, தலை வாருமா, மாமா கதை சொல்லுவாரு" என்று நிற்கும். அங்கம்மா அப்படி நின்றாள். ஒன்றேகால் வருஷம். பள்ளிக்கூடம் அதோடு போயிற்று.

அவன் கதை இனிக்காது என்று நான் சொன்னேனா? இனிக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

குழந்தைக்கு வேறு எதையாவது காட்டு.

அம்மா

*

சிங்கப்பூர்
9-3-2009

அன்புள்ள அம்மாவுக்கு, இங்கே எல்லாரும் நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். இவருக்கு ஆபீசில் ஆட்குறைப்புப் பேச்சு, வீட்டில் யாருக்கும் சிரிப்பே வரவில்லை. சஹானா ஒருத்திதான் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா, அந்தக் காலத்தில் தெரு முழுக்க அப்படித்தானே இருந்தது? அவர் ஒருவரையே ஏன் பிடித்துக்கொள்கிறாய்? நம் அப்பாவும் அந்தத் தறியில்தானே இருந்தார்? இப்போது மாமாவுக்கு அறுபத்தைந்து வயது. அவர் அக்கா பேரன் காமிரா பிடிக்கிறான். நரைத்த தலையோடு ஒரு மனுஷன் உட்கார்ந்து காசு வாங்காமல் குழந்தைகளைச் சிரிக்கவைக்கிறார். நான் வேண்டுமென்றே தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு கெட்ட வார்த்தை இல்லை, அடிதடி இல்லை.

உன் பேத்தி சமாச்சாரம் ஒன்று. போன வாரம் கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டது. நகம் கறுத்துவிட்டது, நான் பார்த்ததே ராத்திரி கை கழுவும்போதுதான். ஒரு சத்தம் போடவில்லை! "ஏண்டி அழல?" என்றால் விரலை உதட்டில் வைத்து, "கல்லாயிடுவேன்" என்கிறாள். டாக்டர்கூட, "வெரி பிரேவ் கேர்ள்" என்று ஸ்டிக்கர் கொடுத்தார். உன் தைரியம் அவளுக்கு.

இன்னொரு சந்தோஷம். ஜூன் லீவில் வருகிறோம். கருட சேவை பார்த்து எத்தனை வருஷம்! மாமாவுக்கு ஈமெயில் போட்டேன். உடனே பதில் வந்தது. "ராமலிங்கம் பேத்தியா! அழைச்சிக்கினு வாம்மா, என் பக்கத்துல தறியில உக்கார வெச்சி ஒரு கதை எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அதைச் சொன்னதிலிருந்து சஹானாவுக்குத் தூக்கம் இல்லை.

அக்காவுக்கு என்ன கலரில் புடவை வேண்டும்?

சுபத்ரா

*

காஞ்சிபுரம்
20-3-2009

சுபத்ராவுக்கு. சுகம். உங்கள் சுகம் வேண்டும். மாப்பிள்ளை வேலைக்குக் காமாட்சிக்கு விளக்கு ஏற்றினேன்.

நகம் கறுத்த சேதியை மூன்று தரம் படித்தேன். அது தைரியம் இல்லை. எந்த விரல் என்றுகூட நீ எழுதவில்லை.

நேற்று நான் செய்ததைக் கேள். நபீசா மகன் சுபியான் பெரிய தெருவில் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறான். எம்.சி.ஏ. படித்தவன். என்னோடு அங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. இருபது வருஷம் அவன் அம்மாவோடு பேசாதவள் வந்து நிற்கிறேன், அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க அத்தை" என்றான்.

"கதை மாமான்னு ஒருத்தன் இருக்கானாமே, அவன் படத்தைப் போடு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான், அங்கம்மாவைப் பார்த்தான். "அது எதுக்கு அத்தை உங்களுக்கு?" என்றான்.

"போடுப்பா."

போட்டான். அதே குரல், சுபத்ரா. பல் போயிருக்கிறது, குரல் போகவில்லை. தங்கம்மா தூங்கினாள், கிள்ளினான், எழுந்தாள். காது மடலில்தான் கிள்ளுகிறான், உன்னைக் கேட்டேனே, நானே பார்த்துக்கொண்டேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கம்மாவும் சிரித்தாள். முப்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எம்மா, அது நானு" என்றாள். ஏதோ தன் பெயர் பேப்பரில் வந்த மாதிரி.

பிறகு அவன் "ஷ்ஷ்" என்றான். அவள் சிரிப்பு நின்றது. நின்றது என்றால் விளக்கை அணைத்த மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டாள். சுபியான் எழுந்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு வந்தும் பொழுது சாயும்வரை வாயைத் திறக்கவில்லை. கேட்டால் ஜாடை காட்டினாள்.

ஜூன் மாதம் வா. மகராசியாக வா. குழந்தையை அவன் வீட்டுப் படி ஏற்றாதே.

அங்கம்மாவுக்குப் புடவை எதுவும் வேண்டாமாம்.

அம்மா

*

காஞ்சிபுரம்
18-4-2009

சுபத்ராவுக்கு அம்மா. நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன் செய்தபோதும் வெயிலைப் பற்றிப் பேசினாய், வைத்துவிட்டாய்.

நடந்ததை எழுதவில்லை என்றாயே, எழுதுகிறேன்.

1988, ஆடி கடைசி வெள்ளி. முதல் நாள் மழை. பத்து மணி இருக்கும், முனையில் ஜீப் வந்து நின்றது. பிள்ளைகளைத் தறியில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆபீசர் வந்திருக்கிறார் என்று தெருவெல்லாம் சத்தம். ராஜகோபால் ஓடிவந்தான். "புள்ளைய புடிச்சிக்கினு போயிடுவாங்க, அப்பன் ஆத்தாளைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க" என்றான். உன் அப்பா தறியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அங்கே ஓடாத தறி இன்னொன்று இருந்தது. அதன் கால் தொங்கப்போடும் குழி இடுப்பளவு ஆழம். அங்கம்மாவை அதில் இறக்கினான். அவள் பயப்படவில்லை. அவன் அவள் காதில், "ராட்சசன் வரான், வாயைத் தொறந்தா கல்லாயிடுவே, அவன் போனப்புறம் மிச்சக் கதை சொல்றேன்" என்றான். அவளுக்கு அது கதையின் மிச்சம். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். மேலே பலகை போடப்பட்டது. பலகைமேல் பாய் விரிக்கப்பட்டது.

ஆபீசர் சாமுவேல் நல்ல மனுஷர். அதட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். ராஜகோபால் அவருக்கும் ஒரு கதை சொன்னான், அவரும் சிரித்தார். அப்போது எதிர்வீட்டிலிருந்து நபீசா சுபியானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "சார், இவன் என் புள்ள. இந்தத் தெருவுல தறியில உக்கார்றான். இவனைப் பள்ளிக்கூடத்துல சேத்துவுடுங்க. என்னைக் கோர்ட்டுக்கு அழைச்சிக்கினு போனாலும் போங்க" என்று சொன்னாள். தெருவே அவளைத் திட்டியது. நானும்தான். அந்த ஜீப்பில் அன்றைக்குச் சுபியானையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள் ஏறின. சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். கோர்ட்டுக்கு எந்தத் தாயும் போகவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பலகையை எடுத்தோம். அங்கம்மா போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை, உதடு நீலம். இடது காலில் தேள் கொட்டி வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. எப்போது கொட்டியது என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. கல்லாகவில்லை, சுபத்ரா. கல்லாகியிருந்தால் தேவலை.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. காலில் இரண்டு விரல் போயிற்று. உனக்கு, அக்காள் செருப்பில்லாமல் கொல்லைக்குப் போனாள், பூச்சி கடித்தது என்று சொன்னோம். குணமானதும் அவளை மறுபடி உட்காரவைத்தோம். வீட்டில் ஒருத்தி உட்கார்ந்ததால் இன்னொருத்தி பாலிடெக்னிக் வரை படித்தாள். ஏன் உன்னை உட்காரவைக்கவில்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது சொல், அவன் ஆகுமா ஆகாதா?

அம்மா

*

சிங்கப்பூர்
6-5-2009

அம்மா, நலம்.

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "பலகை போடப்பட்டது, பாய் விரிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். ராஜகோபால் மாமா ஆபீசரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் போட்டது யார்? ஆபீசர் வீட்டையே சுற்றிப் பார்த்தாரே, அந்தப் பாயைத் தூக்கிப் பார்க்கவில்லையா? அதன்மேல் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

இருபத்தெட்டாம் தேதி வருகிறோம். முதலில் ஐயம்பேட்டையில் மாமியார் வீட்டில் இறங்குகிறோம்.

சுபத்ரா

*

காஞ்சிபுரம்
15-5-2009

சுபத்ராவுக்கு அம்மா. சுகம். வெயில் தாங்கவில்லை. மாவடு போட்டிருக்கிறேன், உனக்கு இரண்டு பாட்டில் தனியாக எடுத்துவைத்தேன். கருட சேவைக்கு இப்போதே தெருவெல்லாம் பந்தல் கால் நடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு வேலை போகாமல் தப்பியதில் சந்தோஷம். கூடத்துக்கு வெள்ளை அடித்தேன். சஹானாவுக்கு ஊஞ்சல் கட்ட உத்தரத்தில் புதுக் கொக்கி போட்டாயிற்று.

ஐயம்பேட்டையில் எத்தனை நாள், இங்கே எத்தனை நாள் என்று எழுது. அரிசி ஊறப்போட வேண்டும்.

தபால்தலையை எப்போதும்போல அங்கம்மாதான் ஒட்டுகிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அம்மா

*

ஐயம்பேட்டை
12-6-2009

அம்மாவுக்கு,

இங்கிருந்து உன் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம். இருந்தும் கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் நீ மாவடு பாட்டிலை எடுத்து வருவாய், எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

நேற்று ராஜகோபால் மாமா வீட்டுக்குப் போனேன். சஹானாவோடுதான். சண்டை போடத்தான் போனேன், நம்பினால் நம்பு. உன் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். கண் கலங்கிவிட்டது. "அது பாவந்தாம்மா, நான் இல்லைன்னு சொல்லல" என்றார். கடைசியில் மடித்துக் கொடுத்துவிட்டு, "எல்லாம் எழுதினாங்களே உங்கம்மா, பலகை மேல உக்காந்தது ஆருன்னு மட்டும் உட்டுட்டாங்களே" என்றார்.

எனக்கு அவர் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அம்மா. ராட்டையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு பாய்மேல் உட்கார்ந்து நீ நூல் சுற்றினாய். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, உனக்கு அக்கா உண்டா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ என் தொடையில் கிள்ளினாய். அந்தக் கிள்ளு எனக்கு மறக்கவே இல்லை. உனக்கு மட்டும்தான் ஞாபகசக்தி என்று நினைக்காதே.

அவர் ஆகாதவர். சரி. ஆகிறவர் யார்? நீயா? அப்பாவா? கதை சொன்னவரை மட்டும் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, பாய்மேல் உட்கார்ந்தவள் தீர்ப்பு எழுதுகிறாயா?

அதனால் படம் எடுக்கச் சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து ஆசையாக வந்த குழந்தையை அழவைக்க எனக்கு மனசில்லை. அவர் பக்கத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தங்கம்மா அவள்தான். நாற்பது நிமிஷம், ஒரு அசைவு இல்லை. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது பார்த்தால் கணுக்காலைச் சுற்றி எறும்பு கடித்துத் தடித்திருக்கிறது. "ஏண்டி சொல்லல?" என்றேன். விரலை உதட்டில் வைத்தாள். தேங்காய் எண்ணெய் போட்டேன், சரியாகிவிட்டது.

அதற்குள் வீடியோ போட்டுவிட்டார்கள். நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள்.

கருட சேவை முடிந்துவிட்டது, பதினாறாம் தேதி கிளம்புகிறோம். இந்தத் தடவை அங்கே வர முடியாது. அக்காவிடம் ஏதாவது சொல்லிவிடு.

சுபத்ரா

*

காஞ்சிபுரம்
2-7-2009

சுபத்ராவுக்கு அம்மா எழுதுவது. அங்கம்மா சுகம். நானும் இருக்கிறேன். மாப்பிள்ளையும் குழந்தையும் ஊர் போய்ச் சேர்ந்த சேதியைச் சம்பந்தி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊஞ்சலை அவிழ்த்துவிட்டேன். மாவடுவை நபீசாவுக்குக் கொடுத்தேன்.

நீ எழுதியது நிஜம். பலகை போட்டது நான். பாய் விரித்தது நான். உட்கார்ந்தது நான். உன்னைக் கிள்ளியதும் நான்.

நீ எழுதாததும் ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியாது, ராஜகோபாலுக்கும் தெரியாது. ஆபீசர் இரண்டாவது டீ குடிக்கும்போது கீழேயிருந்து பலகை தட்டப்பட்டது. விரல் முட்டியால், ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. வாயைத் திறந்தால்தானே கல்லாவோம், கையால் தட்டினால் ஆகமாட்டோமே என்று பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறாள். எனக்குத் தொடைக்கு அடியில் தெரிந்தது. ராட்டைச் சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

உன் கடிதத்தை அங்கம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். பழைய கடிதங்களையும். பிறகு பலகை தட்டப்பட்ட விஷயத்தையும் சொன்னேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "தெரியும்மா. நீ நவுந்து உக்காந்தப்ப பலகை முனகிச்சி. அப்பறந்தான் தட்றத நிறுத்திட்டேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

சுபியான் சென்டருக்குப் போய் அந்தப் படத்தையும் பார்த்துவிட்டோம். சஹானா அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கால் குழிக்குள் தொங்குகிறது. அங்கம்மா கண்ணாடித் திரைமேல் விரலை வைத்து, "எம்மா, பாப்பாவைக் காலைத் தூக்கி மேல வெச்சிக்கச் சொல்லுமா" என்றாள். படத்தில் இருப்பவளிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு இருந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்துவிட்டேன்.

உன் அப்பாவை வாய்க்கரிசி போட்ட அன்றே விட்டுவிட்டேன். நபீசாவை மன்னிக்க ஒன்றுமில்லை. நான் செய்யாததை அவள் செய்தாள், அதனால்தான் இருபது வருஷம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று அவள் வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா கங்கா?" என்றாள். சுபியான் குழந்தை. சாமுவேல் பாயைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், "எழுந்திரும்மா" என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கோபமும் ஆறிவிட்டது, எங்கே இருக்கிறாரோ. ராஜகோபாலை மன்னித்தாயா என்று கேட்காதே. தேளை யாராவது மன்னிப்பார்களா, மன்னிக்காமல் இருப்பார்களா? கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள். என் கணக்கு அங்கம்மா கையில். அதில் எனக்குப் பேச்சில்லை.

மிச்சம் நீ. ஆறு வயதில் வாயைத் திறக்காததற்கு உன்மேல் குற்றமில்லை. கிள்ளியவள் நான்.

ஆனால் நகம் கறுத்து உன் பிள்ளை அழவில்லை, அது பலகையில் ஒரு தட்டு. காலை எறும்பு பிடுங்கியும் வாயைத் திறக்கவில்லை, அது இரண்டாவது தட்டு. இரண்டையும் நீயே உன் கையால் எனக்கு எழுதினாய். அன்றைக்கு எனக்கு, முன்னே இப்படி நடந்தது என்று சொல்லித்தர ஆளில்லை. உனக்கு நான் கடிதம் கடிதமாக எழுதினேன். எல்லாம் படித்துவிட்டு, நான் ஆகாதவள் என்று எனக்குக் காட்டுவதற்காக, குழந்தையைக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே உட்காரவைத்தாய். பிறகு தேங்காய் எண்ணெய் போட்டாய்.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டு எழுது. அதுவரை உன் கடிதம் எது வந்தாலும் அங்கம்மா பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டுவைப்பாள்.

குழந்தைக்கு ஆயாவின் முத்தம். சத்தம் போட்டு அழச் சொல்லிக்கொடு.

அந்த எட்டுப் பேரில் நான் மன்னிக்காதவள் ஒருத்தி. அன்றைக்கு மூக்கு ஒழுக நின்றவள் இல்லை, ஐயம்பேட்டையிலிருந்து எழுதினவள். என் பெயர் போடும் இடத்தில் அவள் பெயரைப் போடுகிறேன்.

சுபத்ரா.